வாரியத்தின் மணல் பிள்ளைகள்

ஒரு பிள்ளை பிறக்கப் பத்து மாதம் வேண்டும். ஒரு வாரியம் பிறக்க ஒரு பூசணிக்காய் உடைந்தால் போதும். நம் கதை நடக்கிற ஊரில் அப்படித்தான் ஆயிற்று. சந்தைக்குச் சுமை ஏற்றிப் போன மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்று சாலைப் பள்ளத்தில் இறங்கிக் குப்புறக் கவிழ்ந்தது. பதினொரு பூசணிக்காய்கள் சிதறின. ஓட்டியவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார், அவரை ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் பெரிய மனிதர்கள் கூடி, பூசணிக்காய் இருந்த இடத்தில் பிள்ளைகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கவலைப்பட்டார்கள். கவலை முற்றி மூன்று மாடிக் கட்டடமாக எழும்பியது. 'சிறார் சுமைவண்டிப் பயணப் பாதுகாப்பு வாரியம்' என்று பலகையும் மாட்டியாயிற்று. பள்ளம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. பள்ளம் வேறு இலாகா.

அந்த ஊர்ச் சட்டைத் தொழிற்சாலையில் ஒருத்தி காஜா எடுக்கிற வேலை பார்த்தாள். பித்தான் நுழைகிற துளை பிரிந்து போகாமல் சுற்றி நூல் ஓட்டுகிறார்களே, அதுதான் காஜா. ஒரு நாளைக்கு எண்ணூறு துளை. பெற்றவர்கள் வைத்த பெயரை ஊர் மறந்து, காஜாக்கா என்றே கூப்பிட்டது. அவள் புருஷன் வெல்டர். வருஷத்தில் பத்து மாதம் எங்கோ ஒரு குழாய்ப் பாதையில் நெருப்புப் பொறிக்கு நடுவே இருப்பான். பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு மூன்று. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற காப்பகம் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். அங்கே ஏழரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். மூன்று நாள் தாமதமானால் பெயரை அடித்துவிட்டு, காத்திருக்கிற அடுத்த பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். அந்த இடம் போனால் காஜாக்காவுக்கு வேலையும் போன மாதிரிதான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காஜா எடுக்க முடியாது.

அதனால்தான் வெல்டர் வேலைக்குக் கிளம்புமுன் மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றைச் செய்து கொடுத்தான். முன்னால் இரண்டு சக்கரம், அவற்றுக்கு நடுவில் தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்வாக ஒரு பெட்டி. தாழ்வாக இருந்தால்தான் கவிழாது என்றான். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் அவள் கண் பார்வையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். உடைந்த காரிலிருந்து எடுத்த பெல்ட்டுகளைத் தோளுக்கும் இடுப்புக்குமாக வைத்துத் தைத்தாள் அவள். விரல் சக்கரத்துக்குள் போகாமலிருக்கப் பக்கவாட்டில் தகடு, தலைக்கு ஆளுக்கொரு கவசம், மழைக்கு மூடக் கித்தான். எல்லாம் முடிந்த பிறகும் அவன் பிள்ளைகளை ஏற்ற விடவில்லை. இரண்டு மணல் மூட்டைகளை ஏற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பழகு என்றான். திருப்பத்தில் வேகம் குறைக்காவிட்டால் மணலே உன்னைத் திட்டும் என்றான். திட்டத்தான் செய்தது. ஒரு வாரத்தில் திட்டுவதை நிறுத்தியது. அதன் பிறகு எட்டு மாதம், ஒரு கீறல் இல்லாமல் பிள்ளைகள் போய் வந்தார்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகாமல் எட்டு மாதம் ஒரு வண்டி ஓடினால் வாரியத்துக்குச் சந்தேகம் வராதா? ஒரு நாள் காலை பெட்டியின் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. பதினைந்து நாளுக்குள் சான்றிதழ் பெறாவிட்டால் வண்டி பறிமுதல்.

காஜாக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டே போனாள். வாசலிலேயே ஒரு சிப்பந்தி மறித்து, சான்றிதழ் இல்லாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றி வந்ததற்கு அபராதச் சீட்டு எழுதினார். அப்படியானால் இறக்கி நடத்திக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டாள். பிள்ளைகளை நேரில் காட்டாவிட்டால் விண்ணப்பமே செல்லாது என்றார்.

உள்ளே படிவம் நிரப்புகிற குமாஸ்தா நல்ல மனிதர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படிவம் பழைய லாரி ஆபீசிலிருந்து வந்ததாம், தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். சுமையின் வகை என்று ஒரு கட்டம். உடையக்கூடியது, அழுகக்கூடியது, எரியக்கூடியது, மற்றவை. பிள்ளைங்க சார், மற்றவைன்னு போட்டுக்குங்க என்றாள். மற்றவை போட்டால் அமைச்சகம் வரை போய் வர ஒன்பது மாதமாகும் என்று சொல்லி, இரண்டு பேரையும் உடையக்கூடியதில் சேர்த்தார். அடுத்த கட்டம், ஒன்றன் மேல் ஒன்றாக எத்தனை அடுக்கலாம்.

"அடுக்கக் கூடாது சார்."

"வெறுமனே விட முடியாதும்மா. ஒரு எண் வேணும்."

"ஒண்ணுன்னு போடுங்க."

போட்டார். பிறகு இரண்டு பிள்ளைகளின் தலைக்கவசத்திலும், 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்ட காகிதத்தை ஒட்டினார். சின்னவன் தலையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இப்போது அம்பு எங்கே போகிறது என்று அக்காவைக் கேட்டான்.

மூன்றாவது மாடியில் தலைமை அலுவலர். வெள்ளைச் சட்டை, மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பூசணிக்காயின் உடைந்த துண்டு. வாரியத்தின் தொடக்கச் சின்னமாம். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, சன்னல் வழியாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அபிப்பிராயம் வந்துவிடும், அபிப்பிராயம் வந்தால் நடுநிலை போய்விடும் என்று விளக்கினார். இந்த வண்டி பத்திரம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். காஜாக்கா இருக்கிற உண்மையைச் சொன்னாள். மணல் மூட்டை வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பழகிய பிறகுதான் பிள்ளைகளை ஏற்றினோம் என்றாள்.

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மணலா? சலிச்ச மணலா, சலிக்காததா?"

அவளுக்குத் தெரியவில்லை. வாய்க்கால் கரையில் அள்ளியது.

"இதுதான் வாரியம் இவ்வளவு நாளா தேடிட்டிருந்த விஷயம்" என்றார் அலுவலர். அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "குழந்தையை ஏத்தி ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? மணலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஒரு வாரம் போதாது. முப்பது நாள். மூட்டை போதாது. முறையான வடிவம் வேணும்."

அன்று சாயங்காலமே விதி எழுதி, அடுத்த வாரமே பொம்மைகள் வந்துவிட்டன. அரசாங்கம் மெதுவாக நடக்கும் என்று சொல்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தடித்த கித்தானில் தைத்த இரண்டு மாதிரிப் பிள்ளைகள். உள்ளே சலித்த மணல், ஆளுக்குப் பதினைந்து கிலோ. மேலே பழுப்புச் சட்டை, முகத்தைப் பாதி மறைக்கிற குல்லாய். நெஞ்சில் எண் பலகை, ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்கு ஏழு. முகம் வரைந்தவர் அலுவலரின் முகத்தையே பார்த்துப் பழகியவர் போலிருக்கிறது. இரண்டுக்கும் புருவம் தூக்கியே இருந்தது.

விதி இதுதான். முப்பது நாள், தினமும் காலையில், காஜாக்கா நான்கையும் ஏழையும் வண்டியில் வைத்துக் காப்பகம் வரை கொண்டுபோக வேண்டும். பாதி வழியில் இருக்கிற சாவடியில் வாரியத்தின் சோதனையாளர் எண்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். காப்பகத்தில் ஏழரைக்குள் 'இரண்டு உருப்படிகளும் சேதமின்றி வந்து சேர்ந்தன' என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து முப்பது. உருப்படிகள் அரசுச் சொத்து. நனையக் கூடாது, வெயிலில் காயக் கூடாது, தனியாக விடக் கூடாது.

"அது வரைக்கும் என் பிள்ளைங்க எப்படிப் போவாங்க சார்?"

"நடந்து போகட்டும்."

"அந்த ரோட்டுல லாரி ஓடுது. ஓரமே கிடையாது."

"நடந்து போற குழந்தை எங்க வாரியத்துல வராதும்மா. அதுக்கு வேற வாரியம்."

எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

"இன்னும் அமைக்கல" என்றார் அலுவலர்.

இப்படியாக, கண்ணுகளா, மணலெல்லாம் வண்டியில் போக, பெற்ற பிள்ளைகள் பக்கத்தில் நடந்தார்கள். ஐந்தே காலுக்கு எழுப்பினால்தான் ஏழரைக்குப் போய்ச் சேர முடியும். காஜாக்கா வண்டியில் ஏறி மிதிக்கவும் முடியாது, பிள்ளைகள் பின்தங்கிப் போவார்கள். முப்பது கிலோ மணலையும் இரும்பையும் தள்ளிக்கொண்டே, சின்னவன் உட்கார்ந்துவிட்டால் அவனையும் தூக்கிக்கொண்டு நடப்பாள். நான்கும் ஏழும் பெல்ட் போட்டுக்கொண்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு, ஊர் பார்த்துக்கொண்டு போனார்கள். முதல் வாரத்திலேயே ஒரு நாள் தாமதம். உருப்படிகளுக்கு முன்கூட்டியே கையெழுத்து வாங்க அவள் கடைசித் திருப்பத்திலிருந்து ஓட, பிள்ளைகள் பின்னால் வந்து சேர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். காப்பகத்து அம்மா சன்னல் வழியாகப் பார்த்து, நேரத்துக்கு வந்தது எது, வராதது எது என்று பதிவேட்டில் சரியாக எழுதினாள்.

வெல்டர் போனில் விவரம் கேட்டு முதலில் சிரித்தான்.

"நான்தானே மணல்னு ஆரம்பிச்சேன்" என்றான் கடைசியில்.

"ஆரம்பிச்சது நீங்க. வாயைத் திறந்தது நான். விடுங்க" என்றாள்.

ஒன்பதாம் நாள் மழை. கித்தான் ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்துப் பிள்ளைகளுக்குப் போர்த்தலாம் என்று நினைத்தாள். மணல் நனைந்தால் எடை கூடும், எடை கூடினால் சோதனை செல்லாது, மறுபடி முப்பது நாள். மணலை மூடினாள். தன் துப்பட்டாவைப் பிள்ளைகள் தலையில் போட்டாள். சாவடிக்குக் கொஞ்சம் முன்னால், பின்னால் வந்த லாரியில் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றின் நுனி பெரியவளின் தோளில் பட்டுச் சுழற்றிவிட்டது. பிள்ளை ஓரத்துச் சேற்றில் முகம் குப்புற விழுந்தாள். காஜாக்கா வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓட, வண்டி உருண்டு சாவடிக் கல்லில் முட்டி நின்றது.

சாவடியிலிருந்து சோதனையாளர் குடையை எறிந்துவிட்டு ஓடி வந்தார். அவரைக் குறை சொல்லக் கூடாது, அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. நேராக வண்டிக்குப் போனார். கித்தானைத் தூக்கினார், நான்கைத் தொட்டுப் பார்த்தார், ஏழைத் தொட்டுப் பார்த்தார், தையல்களைத் தடவினார்.

"பயந்துட்டேம்மா. ஒண்ணும் ஆகல" என்றார் மூச்சு வாங்க.

மோவாயிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட எழுந்து நின்ற பெரியவள், தனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினாள். அவர் 'விபத்து இல்லை, சேதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றும் கடைசித் திருப்பத்திலிருந்து ஓடி உருப்படிகளுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டாள், பிள்ளைகளுக்கு இரண்டாவது தாமதம். இன்னும் ஒன்று ஆனால் பெயர் போய்விடும்.

சாயங்காலம் வீட்டில், உருப்படிகள் ஈரத் தரையில் இருக்கக் கூடாது என்பதால் கட்டிலில் படுத்திருந்தன. பிள்ளைகள் பாயில். காஜாக்கா பெரியவளின் மோவாயில் மருந்து வைத்தாள். பிள்ளை வலியில் முகத்தைச் சுளித்துவிட்டுக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாங்க அதா இருந்தா எங்களை ஏத்திப்பியா?"

காஜாக்கா எழுந்து கட்டிலுக்குப் போய் நான்கின் பழுப்புச் சட்டையைக் கழற்றினாள். ஏழின் சட்டையைக் கழற்றினாள். கத்திரிக்கோல் எடுத்து எண் பலகைகளின் தையலைப் பிரித்தாள். வேண்டும்போது மாட்ட, வேண்டாதபோது கழற்ற, ஒவ்வொரு பலகைக்கும் நான்கு மூலையிலும் காஜா எடுத்தாள். இரண்டு சட்டையிலும் நான்கு நான்கு பித்தான் வைத்தாள். தொழிற்சாலையில் அவ்வளவு நேர்த்தியாக அவள் ஒரு காஜாவும் எடுத்ததில்லை. அங்கே அதற்கு நேரம் தர மாட்டார்கள்.

நான்கைப் பெரியவளுக்கும் ஏழைச் சின்னவனுக்கும் குல்லாயோடு மாட்டிவிட்டு, இது ஒரு விளையாட்டு என்று சொன்னாள். சாவடி வந்ததும் சிலை. சிரிக்கக் கூடாது, கண் சிமிட்டக் கூடாது, மூக்கு அரித்தாலும் கை வரக் கூடாது. சின்னவன் முதலில் பத்து வரை எண்ணுவதற்குள் சிரித்தான். அக்காக்காரி அவனை உட்காரவைத்துப் பழக்கினாள். அவன் அசைந்தால், சேற்றில் விழுந்த கதையை ரகசியமாகக் காதில் சொல்வாள். அவன் அசைவதை விட்டான்.

பத்தாம் நாள் காலை சோதனையாளர் வண்டியை நிறுத்தினார். குனிந்து நெஞ்சைப் பார்த்தார். நான்கு. ஏழு. எழுதிக்கொண்டார். நெஞ்சுக்கு மேலே பார்க்க விதியில் இடமில்லை. போகும்போது மட்டும், வண்டி இன்றைக்கு லேசாக உருள்கிறதே என்றார்.

"நேத்து ஈரம். இன்னைக்கு மணல் காஞ்சிருக்கு சார்" என்றாள் காஜாக்கா. 'உலர்ந்த நிலை' என்று எழுதிக்கொண்டார்.

காப்பகத்து அம்மா கதவருகே நின்று இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். மோவாயில் பிளாஸ்திரி போட்ட பொம்மையை அவள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள். உருப்படிகளுக்கு ஒரு கையெழுத்து, பிள்ளைகளுக்கு ஒரு வருகைக் குறி, இரண்டையும் போட்டாள். மணி ஏழே கால். பலகைகளைக் கழற்றியதும் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

இருபது நாள் இப்படி ஓடியது. கட்டிலில் மணல் படுத்திருக்க, பெட்டியில் பிள்ளைகள் போனார்கள். முப்பதாம் நாள் மதியம் வாரியத்துக்கு உருப்படிகளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று உத்தரவு. அதற்கு மணல் பொம்மைகளுக்கே சட்டையை மாட்டிவிடலாம் என்று வைத்திருந்தாள். ஆனால் அன்று காலை சாவடியில் வாரியமே வந்து நின்றது. அலுவலர், குமாஸ்தா, சோதனையாளர், படம் பிடிக்க ஒருவர். முதல் சான்றிதழை மக்கள் நடுவே, சாலையிலேயே கொடுப்பதென்று அலுவலருக்கு விடிகாலையில் தோன்றியதாம்.

திரும்பிப் போக வழியில்லை. பின்னால் லாரி. காஜாக்கா ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். பெட்டியில் இரண்டும் சிலையாயின.

அலுவலர் பேசினார். நன்றாகப் பேசினார்.

"இந்த முப்பது நாளில் இந்த வண்டியில் ஒரு குழந்தைக்கும் ஒரு ஆபத்தும் நேரவில்லை. காரணம் என்ன? ஒரு குழந்தையையும் ஏற்றவில்லை. இதைத்தான் நாங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்கிறோம். பாருங்கள், என்ன ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையான குழந்தை இப்படி உட்காருமா? அழும், ஆடும், எதையாவது கேட்கும். உண்மையான குழந்தைகளை நம்பி ஒரு நல்ல விதியை எழுத முடியாது."

பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் பிள்ளைங்க எங்கம்மா?" என்று விசாரித்தார்.

"பின்னாடி நடந்து வராங்க சார்."

"நல்லது. நடை உடம்புக்கு நல்லது."

சான்றிதழ் ஒரு வருஷத்துக்குச் செல்லும். உருப்படி எண் நான்கு, உருப்படி எண் ஏழு, இவ்விருவரை மட்டும் இவ்வண்டியில் ஏற்றிச் செல்லலாம். வேறு யாரையாவது ஏற்ற வேண்டுமானால் புதிய விண்ணப்பம். படம் எடுக்கிறவர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வரச் சொன்னார். அலுவலர் வெண்கல வில்லை ஒன்றை எடுத்து, ஏழாம் எண்ணின் தோளில் வைத்து, ஊசியை அழுத்திக் குத்தினார். கித்தான் தடிப்பாக இருக்கும் என்று நினைத்து நன்றாகவே அழுத்தினார்.

காஜாக்கா ஊசியோடு வாழ்கிறவள். எவ்வளவு ஆழம் போனது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். கை பிரேக்கில் இருந்தது. வாயைத் திறந்தால் வண்டி போகும், காப்பகம் போகும், வேலை போகும், நாளை முதல் பிள்ளைகள் மறுபடி லாரிகளுக்கு நடுவே. சின்னவன் அசையவில்லை. புருவம்கூட அசையவில்லை. குல்லாய்க்குக் கீழே கன்னத்தில் ஒரு துளி இறங்கியது.

"சார், இதுல ஈரம் வருது" என்றார் குமாஸ்தா. அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"மழைக்காலம். எழுதிக்கோங்க" என்றார் அலுவலர்.

எல்லோரும் கைதட்டினார்கள். காஜாக்கா மிதித்தாள். சாவடி மறைந்து, அடுத்த திருப்பமும் தாண்டி, ஒரு மூடிய கடையின் ஓரமாக நிறுத்தி, பிரேக்கைப் பூட்டிவிட்டு முன்னால் வந்து மண்டியிட்டாள். வில்லையைக் கழற்றி எறிந்தாள். பழுப்புச் சட்டையில் மிளகளவு சிவப்பு.

"யாரும் இல்லடா கண்ணு. இப்ப அழலாம்."

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். பெரியவள் நேரே சாலையைப் பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்.

"இன்னும் இல்லம்மா. நம்பர் சட்டையில இருக்கு."

காஜாக்கா அவன் பலகையின் பித்தான்களைக் கழற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதும் கழன்றது. பலகை அவள் கைக்கு வந்தது. அவன் அழவில்லை.